ஐந்நூற்று ஒன்றாவது யூனிட் யாருடையது? ஸ்மார்ட் மீட்டர் குறித்து ஒரு குடும்பவியல் ஆய்வு

வீட்டுக்கு ஸ்மார்ட் மீட்டர் வேண்டுமா, வேண்டாமா என்னும் வினாவை மின்பொறியாளர்களும் பொருளாதார அறிஞர்களும் தொழிற்சங்கத்தாரும் ஆராய்ந்துவிட்டார்கள். கரண்ட் பில்லைப் பற்றி வீட்டுக்குள் நடக்கும் சண்டையை மட்டும் ஒருவரும் தரவாக எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வாய்வு அக்குறையைப் போக்க முயல்கிறது. மீட்டர் அளப்பது பழியை என்பது இதன் துணிபு. பழியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக அளந்தால் குடும்பம் தாங்கிக்கொள்ளும் என்பது நிறுவப்பட்ட உண்மை. அரை மணிக்கு ஒருமுறை அளந்தாலும் தாங்குமா என்பதே ஆராய வேண்டியது.

முதலில் வரலாறு, அது இல்லாவிட்டால் ஆய்வென்று யாரும் மதிக்க மாட்டார்கள். எடிசன் 1880களில் தம் வாடிக்கையாளர்களுக்கு வைத்த மீட்டர், ரசாயனக் கரைசலில் தொங்கிய துத்தநாகத் தகடுகள்தான். மின்சாரம் பாயப் பாயத் தகட்டின் எடை மாறும். ஆள் வந்து கழற்றிப்போய்த் தராசில் நிறுத்துப் பில் போடுவார். 1889இல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த ஓட்டோ பிளாத்தி, தூண்டல் முறையில் வட்டு சுழலும் மீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். நம் வீடுகளில் கறுப்புப் பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்தது அந்த வட்டின் வாரிசு. பிறகு வந்த எலக்ட்ரானிக் மீட்டர் வட்டை எடுத்துவிட்டுச் சிவப்பு விளக்கை மினுக்கியது. துத்தநாகத்திலிருந்து சிவப்பு விளக்கு வரை இவற்றுக்கெல்லாம் ஒரு பொதுப்பண்பு உண்டு. எவ்வளவு என்று மட்டும் காட்டும். எப்போது என்று காட்டாது. இல்லறம் தழைத்ததற்கு இந்த மறதியும் ஒரு காரணம் என்பதை எந்த நூலும் எடுத்துச் சொல்லவில்லை.

மறதியின் விலை என்ன என்பதற்குத் தமிழ்நாட்டின் கட்டணப் பட்டியலே சான்று. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு முதல் 100 இலவசம் போக 1,725 ரூபாய் பில். 501 ஓட்டிய வீட்டுக்கு 1,958. காரணம், 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளும் 2.25 ரூபாயிலிருந்து 4.50க்குத் தாவிவிட்டன, தாண்டிய அந்த ஒன்றுக்கு எட்டு ரூபாய் தனி. ஆக, அன்றைய விகிதத்தில் ஐந்நூற்று ஒன்றாவது யூனிட்டின் விலை 233 ரூபாய். 2024இல் விகிதங்கள் ஏறியபோதும் இந்தப் பள்ளத்தை யாரும் தூர்க்கவில்லை. இவ்வளவு விலையுயர்ந்த ஒரு பொருளை வீட்டில் யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார். யார் வாங்கினார் என்பதைப் பழைய மீட்டர் சொல்லாது. ரீடிங் எடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போவார். அதைப் பார்த்துக் குடும்பம் ஒருமனதாக, "மீட்டர் ஓடுது" என்று தீர்ப்பளிக்கும். குற்றவாளி மீட்டர். வழக்கு முடிந்தது.

ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கு ஒரு பதிவு வைத்தால், 60 நாளில் 2,880 பதிவுகள். வெள்ளை அட்டையில் ஒரு வரி இருந்த இடத்தில் இத்தனை சாட்சிகள். எந்தச் சாதனம் ஓடியது என்று மீட்டருக்குத் தெரியாதே எனச் சிலர் ஆறுதல் அடையலாம். தெரிய வேண்டியதில்லை. காலை ஆறரையிலிருந்து ஏழுவரை ஒரு யூனிட் ஏறியிருக்கிறது என்றால், அந்நேரம் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு குளியலறையில் பாடிக்கொண்டிருந்தவர் யார் என்பது தெருவுக்கே தெரியும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. காலங்காலமாகத் தவறாகத் தண்டிக்கப்பட்டவர்கள் விடுதலையாவார்கள். "எப்பப் பார்த்தாலும் சார்ஜர்ல போட்டுக்கிட்டு" என்று ஏச்சு வாங்கும் பிள்ளையின் செல்போன், தினம் ஒருமுறை முழுதாக ஏற்றினாலும் இரண்டு மாதத்தில் இரண்டு யூனிட்டை எட்டாது. ஆளில்லாத அறையில் ஓடும் 75 வாட் பழைய ஃபேன் நான்கு நாள் இரவு எட்டு மணிநேரம் சுற்றினாலே அதைத் தாண்டிவிடும். அதை நிறுத்த மறந்தவர் பெரும்பாலும் சார்ஜரைத் திட்டியவரே. விடுதலை ஒருவருக்கு என்றால் கைது இன்னொருவருக்கு. அவர் வயதில் மூத்தவராயிருக்கும் பட்சத்தில் தீர்ப்பை வாசிப்பது யார் என்னும் சிக்கலை மின்வாரியம் எண்ணிப்பார்க்கவில்லை.

மறுப்புகளுக்கு வருவோம். புது மீட்டர் வேகமாக ஓடும் என்பது பரவலான ஐயம். மீட்டருக்கு மேல் கேட்டு வாங்கிய ஆட்டோக்களில் சென்று வளர்ந்த சமூகம் எந்த மீட்டரையும் நம்பாததில் வியப்பில்லை. ஆனால் சரியான மீட்டர் வழியாகவே மின்சாரம் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் சொல்கிறது. ஐயமிருந்தால் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லலாம். இந்த மறுப்பு நிற்காது. ரீடிங் எடுப்பவர் தாமதமாக வருவதால் வரும் நட்டம் ஸ்மார்ட் மீட்டரால் தீருமே என்னும் வாதம் இதைவிட வலுவானது. அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ எட்டு யூனிட் ஓட்டும் வீட்டில் அறுபதாம் நாள் 490 இருக்கிறது. அவர் இரண்டு நாள் கழித்து வந்தால் 506. கூடுதல் யூனிட் 16, கூடுதல் பணம், அதே 2022 விகிதப்படி, 333 ரூபாய். தொலைவிலிருந்தே குறித்த நாளில் கணக்கெடுக்கும் மீட்டருக்கு உள்ளூர்த் திருவிழாவும் கிடையாது, கால்வலியும் கிடையாது.

மாதாமாதம் கணக்கெடுப்பு வந்துவிடும் என்ற வாதத்தை மட்டும் அவ்வளவு எளிதில் விழுங்கிவிடக் கூடாது. 2021 தேர்தலில் தி.மு.க. அளித்த வாக்குறுதி அது. பின்னர் ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் என்று தள்ளிவைக்கப்பட்டது. மாதக் கணக்கில் 500 என்ற வரம்பு 250 ஆகும் என்று கொள்வோம். ஏப்ரலில் 200, மே மாதத்தில் 300 ஓட்டிய வீடு இன்று 500இல் தப்பிக்கிறது; அன்று மே மாதம் மட்டும் மாட்டிக்கொள்ளும். இரண்டு மாதக் கணக்கு, கத்திரி வெயிலைப் பங்குனியின் தோளில் சாய்த்துவைத்திருந்தது என்பதை மாதக் கணக்கின் ஆதரவாளர்கள் கவனிக்கவில்லை.

கடைசி மறுப்பு மிகவும் நியாயமானது: முடிவெடுக்கும் உரிமை நம்மிடம் இல்லையே, பிறகு ஆய்வு எதற்கு? விவசாய இணைப்பு தவிர மற்றெல்லாவற்றுக்கும் முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டர் என்று ஒன்றிய அரசு 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது உண்மை. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவற்றைப் பற்றி நுணுகி வாதிடுவதுதான் நம் திண்ணைகளின் முழுநேர வேலையாக இருந்தது என்பதே இதற்கு விடை. ஆனால் ஓர் இழப்பைப் பதிவு செய்தாக வேண்டும். இன்று பில் கட்டாவிட்டால் ஓர் ஆள் வந்து பியூஸைப் பிடுங்குகிறார். அவரிடம், "சாயங்காலத்துக்குள்ள கட்டிடறோம் சார்" என்று பேசலாம், மோர் கொடுக்கலாம். தொலைவிலிருந்து துண்டிக்கும் மீட்டருக்கு மோர் கொடுக்க வழியில்லை.

ஆகவே மாறலாம் என்பதே இவ்வாய்வின் பரிந்துரை, ஒரே நிபந்தனையுடன்: மீட்டரின் பதிவுகளைக் காட்டும் செயலி வீட்டில் ஒருவர் கைபேசியில் மட்டுமே இருக்க வேண்டும், அவர் பில் கட்டுபவராக இருக்கக் கூடாது. கட்டுபவர் கையில் அது இருந்தால் ஐம்பதாம் நாளிலிருந்தே வீட்டில் சுவிட்சைத் தொட ஆளிருக்காது. மேலாய்வுக்குரிய ஒரு சிக்கல் எஞ்சுகிறது. அறுபதாம் நாள், செயலியில் 499. வாசலில் மே மாத வெயிலோடு சம்பந்தி வீட்டார். ஏசியைப் போட்டால் ஒன்றிரண்டு மணிநேரத்தில், 2022 விகிதப்படியே 233 ரூபாய். போடாவிட்டால் அதற்கு எந்தக் கட்டணப் பட்டியலிலும் விகிதம் கிடையாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, "நம்ம வீட்ல எப்பவும் நல்ல காத்துங்க" என்று சொல்லும் தீர்வு ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. சம்பந்தி வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அது செல்லாது.