‘ஐ.என்.ஜி.’ சார்

எறையூர் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் வாய் தவறிக்கூட இங்கிலீஷ் பேசுவதில்லை. கண் பேப்பரில் இருக்கும். காது அடுத்த பெஞ்சில் இருக்கும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கையில் அட்டை கிழிந்த ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம், சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா. ஊர் வைத்த பெயர் ‘ஐ.என்.ஜி. சார்’. பெரம்பலூர், அரியலூர் பக்கம் தேடினால் ஊருக்கு ஒருவர் இப்படிக் கிடைப்பார்.

சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை வந்த பிறகு அவருக்கு வேலை கூடிவிட்டது. இன்டர்வியூவுக்குக் கிளம்பும் பெண் ஒத்திகை பார்க்கிறாள்: “சார், ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்.”

“நீ சுவாரஸ்யமான பொண்ணுதாம்மா. ஆனா அதை அவங்கல்ல சொல்லணும்? நீ இன்ட்ரஸ்டட்.”

வகுப்பில் கொட்டாவி விட்ட பையன் ‘ஐ ஆம் போரிங்’ என்று உண்மையைச் சொல்லப் போய் மாட்டிக்கொள்வான். தண்ணீருக்கு ஆயிரம் அடி தோண்டும் மானாவாரிச் சீமை இது. “அப்படிச் சொல்லிக்க உரிமை உள்ளது திருச்செங்கோட்டுலேருந்து வர்ற ரிக் லாரிக்கு மட்டும்தான்டா” என்பார். அவருடைய சூத்திரம் ஒரே வரி: ஐ.என்.ஜி. கொடுக்கும், ஈ.டி. வாங்கிக்கும். குழப்புகிற கேள்வி கன்ஃப்யூஸிங். குழம்பிய பையன் கன்ஃப்யூஸ்டு. (ஈ.டி. என்றதும் டெல்லியிலிருந்து ரெய்டு வருகிறதோ என்று பேப்பர் படிக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பது தனிக் கதை.)

தமிழ்நாட்டின் இரண்டு பொதுத்துறைச் சர்க்கரை ஆலைகளில் ஒன்று எறையூரில் இருக்கிறது. இன்னொன்று தஞ்சாவூர்ப் பக்கம் குருங்குளத்தில். ஆகவே இங்கே கரும்பு போட்டவருக்கு ‘கட்டிங் ஆர்டர்’, ‘கிரஷிங்’ எல்லாம் தாய்மொழிதான். “கட்டிங் ஆர்டர் வந்துட்டுதுங்க சார்” என்று ஒருவர் வாய் நிறையச் சொன்னால் சார் விடமாட்டார். “ஆர்டரா வெட்டுது? ரன்னிங் பஸ்ஸுன்னா பஸ்ஸே ஓடுது, அது பார்ட்டிசிப்பிள். வாக்கிங் ஸ்டிக்குன்னா தடியா நடக்குது? நடக்கறதுக்கான தடி. அது ஜெரண்டு. உங்க கட்டிங்கும் அந்த ஜாதிதான்.”

“எது வெட்டுனா என்னங்க சார், லாரி எப்ப வரும்னு கேட்டுச் சொல்லுங்க.”

இத்தனை ஆண்டு இலக்கணம் நடத்தியும் பிள்ளைகள் ஏன் இந்த ஐ.என்.ஜி., ஈ.டி.யிலேயே விழுகிறார்கள் என்பது சாருக்குப் புரியாத சங்கதி. மக்கு என்று முடித்துவிடுவார். எதிர் பெஞ்சில் உட்காரும் தமிழய்யாவுக்கு விடை தெரியும். நம் பெயரெச்சத்தில் ஒரே வடிவம் ஆறு பொருளுக்கும் சமமாக ஓடும் என்று தொல்காப்பியர் அன்றைக்கே விதி எழுதிவிட்டார். தமிழய்யா அதைக் கரும்புக் கொல்லைக்கு இறக்கிக் காட்டுவார்: வெட்டிய ஆள், வெட்டிய கரும்பு, வெட்டிய கத்தி, வெட்டிய வயல், வெட்டிய நாள், வெட்டிய வெட்டு. வெட்டியவனும் ‘வெட்டிய’, வெட்டுப்பட்டதும் ‘வெட்டிய’. யார் செய்தது, யாருக்கு ஆனது என்பதைச் சொல்லின் வாலில் தேடும் பழக்கமே தமிழ்ப் பிள்ளைக்குக் கிடையாது. பின்னால் வரும் பெயரைப் பார்த்தே புரிந்துகொள்கிறான். அவனிடம் திடீரென்று இரண்டு வாலைக் கொடுத்தால் கைக்கு வந்ததை ஒட்டத்தான் செய்வான். என்னைக் கேட்டால், ரென் அண்ட் மார்ட்டினைத் திறக்கும் முன் இந்த ஆறு ‘வெட்டிய’வையும் பலகையில் எழுதிப்போட்டால் பாதிச் சிக்கல் தீரும். சார் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தப் புத்தகத்தின் ரென்னே 1924-ல் ‘போ ஜெஸ்ட்’ என்று படை, பாலைவனம், திருட்டு என எழுதிப் பேர் வாங்கிய நாவலாசிரியர்தான் என்றாலும் நம்பமாட்டார்.

சாரைச் சாய்த்தது ஒரு பத்தாம் வகுப்புப் பயல். அவருடைய லெட்டர் பேடைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “ஈ.டி. வாங்கிக்கும்னீங்களே சார், ‘ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்’னா உங்களை யாரு சார் ரிட்டயர் பண்ணது?”

“கவர்மெண்ட்டு” என்றார் சட்டென்று. அவர் 58 வயதில் இறங்கியவர். அப்புறம்தான் 2020-ல் ஓய்வு வயது 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. அந்த ஆற்றாமை ஒரு நிமிடம் இலக்கணத்தை ஜெயித்துவிட்டது. பிறகு சுதாரித்துக்கொண்டு சரியான பதிலுக்கு வந்தார்: செயப்படுபொருள் குன்றிய வினையில் ஈ.டி., ஈ.என். எல்லாம் ‘செய்து முடித்த’ என்ற பொருள் தரும்; ‘ஃபாலன் லீஃப்’ தானாக விழுந்த இலை, ‘எஸ்கேப்டு பிரிசனர்’ தானாகத் தப்பிய கைதி, அப்படித்தான் ரிட்டயர்டும். சூத்திரத்துக்குக் கீழே அன்றே சிவப்பு மையில் ஒரு விதிவிலக்கு ஏறியது.

எறையூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சார் பக்கத்தில் உட்கார்ந்து வெயிலைத் திட்டுவதானால் தமிழிலேயே திட்டுங்கள். ‘ஐ ஆம் டயரிங்’ என்று சொல்லிவிட்டால் டீ ஆறிப்போகும், பெரம்பலூர் பஸ்ஸும் போய்விடும்.