சோசியம் படிக்கும் பேத்தி

என் ஆயாவுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அந்தக் காதுப் பக்கமாக உட்கார்ந்துகொண்டு, “மெட்ராஸ்ல சோசியல் வொர்க் படிக்கப் போறேன் ஆயா” என்று சொன்னது என் தப்புதான். பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. பேத்தி சோசியம் படிக்கப் போகிறாள். ரெண்டு வருஷப் படிப்பு. பாஸ் பண்ணினால் கவர்மென்ட் சீல் வைத்த சர்ட்டிபிகேட் உண்டு.

அப்பாவுக்குக் காதில் கோளாறில்லை. அவருடைய சந்தேகம் வேறு. “சேவை பண்றவனுக்கு ஊர்ல மாலை போடுவாங்க. நீ என்னாடான்னா அதுக்கு ஃபீஸ் கட்டணும்ங்கற?” என்றார். இன்றுவரை இதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஊரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சென்னையிலிருந்து வந்தால் விழுப்புரத்துக்கு முந்தின ஸ்டேஷன். எக்ஸ்பிரஸ்கள் எங்களைக் கண்டுகொள்ளாமல் போகும். முன்பெல்லாம் முண்டியம்பாக்கம் என்றால் சர்க்கரை ஆலை. ஆலை ஓடுகிற மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம். 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு ஊர்ப்பெயருக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. திண்டிவனத்துக்காரர் ஒருவர் “அவரை முண்டியம்பாக்கம் கொண்டு போயிட்டாங்க” என்றால், கேட்கிறவர் உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார். கல்லூரியில் முதல் நாள் என் ஊரைச் சொன்னதும், பக்கத்து பெஞ்சு செஞ்சிக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்டாள்.

வகுப்பில் எல்லாவற்றுக்கும் ஓர் ஆசிரியரும் ஓர் ஆண்டும் இருந்தன. மேரி ரிச்மண்ட், 1917: ஒருவருடைய கஷ்டத்தை எப்படி விசாரித்து, எப்படிக் கண்டுபிடிப்பது என்று தடிமனான புத்தகமே எழுதிய அமெரிக்க அம்மையார். பம்பாயில் டாட்டா பெயரில் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி, 1936. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கியது, 1952. ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற சேசுசபைப் பாதிரியார், 1957: ஏழு கொள்கைகள். எதிராளியின் நல்லது கெட்டதுக்குத் தீர்ப்புச் சொல்லாதே, அவர் சொன்னதை வெளியே சொல்லாதே, முடிவை அவரே எடுக்கட்டும், இப்படி ஏழு. ஆண்டு போடாமல் எழுதினால் மார்க் போகும். மழை பெய்கிறது என்று எழுதினாலும் யார் சொன்னது, எந்த வருஷம் என்று ஓரத்தில் சிவப்பு மை கேட்கும்.

வாரத்தில் மூன்று நாள் வகுப்பு, இரண்டு நாள் ஃபீல்டு வொர்க். ஃபீல்டில் முதல் வேலை ராப்போ, அதாவது பார்க்கப் போன மனிதரோடு ஓர் ஒட்டுதல். அதற்கு உடம்பை எந்தப் பக்கம் சாய்த்து உட்கார வேண்டும், கண்ணை எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முதல் வீட்டில் சாய்ந்து உட்காருவதற்குள் அந்த வீட்டம்மா ஆரம்பித்துவிட்டார். எந்த ஊர், அப்பா என்ன பண்றார், கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை, கழுத்தில் இருப்பது தங்கமா கவரிங்கா? இருபது நிமிடத்தில் என்னுடைய கேஸ் ஹிஸ்டரி முழுசாக அவர் கையில். என் நோட்டில் இருந்தது அவர் கொடுத்த மோர் சிந்திய கறை மட்டும்.

மூன்றாவது செமஸ்டரில் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்தில் பத்து நாள் கேம்ப். ஊர்ப் பிரச்சினையை ஊர்க்காரர்களே வரிசைப்படுத்துகிற பயிற்சி என் தலையில் விழுந்தது. தரையில் கோலமாவால் நான்கு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு படம் வரைய வேண்டும்: தண்ணீர், பஸ், கழிப்பறை, டாஸ்மாக். நான் வரைந்த பஸ்ஸைப் பார்த்து ஒரு பாட்டி, “பீரோ எங்களுக்கு எதுக்குமா?” என்றார். ஆளுக்குப் பத்துக் கொட்டை கொடுத்து, எது பெரிய கஷ்டமோ அந்தக் கட்டத்தில் அதிகமாக வைக்கச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் புளியங்கொட்டை என்றுதான் போட்டிருந்தது. புளியங்கொட்டைக்கு எங்கே போவது? கைக்குக் கிடைத்த மல்லாட்டையை வாங்கிக்கொண்டு போனேன். அதுவும் வறுத்தது.

ஒன்பது பெண்கள், தொண்ணூறு கொட்டை. பெண்கள் நன்றாக யோசித்து, சண்டை போட்டு, வைத்ததை எடுத்து மறுபடி வைத்தார்கள். டாஸ்மாக் கட்டத்தில்தான் குவியல் பெரிசு. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நேரத்தில் டீ வந்தது. டீயோடு ஆண்களும் வந்து கட்டங்களைச் சுற்றிக் குந்தினார்கள். இந்த ஆராய்ச்சியால் ஊருக்கு என்ன வரும், டேங்க் வருமா, வந்தால் எந்தத் தெருவுக்கு என்று பேச்சு சூடானது. நான் நோட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தபோது இருந்தது ஐம்பத்து மூன்று. பஸ் கட்டத்தைப் பிள்ளைகள் தின்றிருந்தார்கள். டாஸ்மாக் கட்டத்தை ஆண்கள் முழுசாகக் காலி செய்திருந்தார்கள். டாஸ்மாக் படத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை இருந்தால் கை தானாகப் போகும்தானே, பழக்கதோஷம்.

மிச்சமிருந்ததை வைத்து ரிப்போர்ட் எழுதினேன். அதன்படி, அந்தக் கிராமத்தில் குடிப் பிரச்சினை அறவே இல்லை.

கடைசி செமஸ்டரில் ஒரு மாதம் சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைத்தது. வீட்டில் தங்கிப் போய்வரலாம் என்ற சந்தோஷத்தில் இருந்தேன். ஆனால் ஆயா எனக்காக ஒன்றரை வருஷமாக விளம்பரம் செய்து வைத்திருந்தது தெரியாது. இரண்டாம் நாள் காலை ஓர் அக்கா மஞ்சப்பையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கரும்பு வெட்டப் போகிறவர். பையிலிருந்து ஜாதக நோட்டை எடுத்து என் மடியில் வைத்தார். “வூட்டுக்காரர் போய் மூணு வருஷமாவுது பாப்பா. பென்சனுக்கு எழுதிக் குடுத்தது ரெண்டு வாட்டி திரும்பி வந்துடுச்சி. கேதுவா, சனியான்னு பார்த்துச் சொல்லு.”

நான் சோசியக்காரி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அழுகிறவரை இடைமறிக்கக் கூடாது என்பது பாடம். முக்கால் மணி நேரம் கேட்டேன். கேட்டுக்கொண்டே பையைப் பார்த்தேன். ஜாதகத்துக்கு அடியில் ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், எல்லாம் ஒரே ரப்பர் பேண்டில். ஆதாரில் புருஷன் இனிஷியல். பாஸ்புக்கில் அப்பா இனிஷியல்.

“அக்கா, தோஷம் இதுலதான் இருக்குது” என்று இரண்டு எழுத்துகளையும் காட்டினேன்.

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பரிகாரம்?”

“பேங்க்ல ஆதாரைக் காட்டிப் பேரை மாத்துங்க. அப்புறம் இ-சேவை மையம்.”

“என்னா கெழம போவட்டும்?”

முடிவை அவரே எடுக்க வேண்டும் என்பது பீஸ்டெக் 1957. “உங்களுக்கு எது தோதோ அன்னிக்குப் போங்கக்கா” என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. கிழமைகூடச் சொல்லத் தெரியாதவளை நம்பிப் பையைத் திறந்துவிட்டோமே என்று ரப்பர் பேண்டை மறுபடி சுற்ற ஆரம்பித்தார். உள்ளேயிருந்து ஆயா குரல் கொடுத்தது: “பொன்னு கெடச்சாலும் புதன் கெடைக்காதுடி!”

“புதன்கிழமை” என்றேன்.

புதன்கிழமை போனார். மூன்றாவது மாதம் கணக்கில் 1,200 ரூபாய் ஏறியது. அதற்குப் பிறகு, நான் படித்தது சோசியம் இல்லை என்று ஊரில் ஒருவரை நம்ப வைக்க முடிந்தால் எனக்குத் தெரிவியுங்கள். அந்த அக்கா தன் நாத்தனாரை அழைத்து வந்தார். நாத்தனார் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து வந்தார். ஆயா திண்ணையில் பாய் விரித்து, வருகிறவர்களிடம் “மொதல்ல ஆதாரை எடுத்து வையி” என்று சொல்லப் பழகிவிட்டது.

பணம் ஏறுவதற்கு முன்பே, அந்த முதல் சந்திப்பை மட்டும் ஒரு வார்த்தை விடாமல் எழுதி, பெயரை மறைத்து, ரிப்போர்ட்டாகக் கொடுத்திருந்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. முக்கால் மணி நேரம் கேட்டதற்கு ஒரு டிக். இனிஷியலுக்கு ஒரு டிக். ‘புதன்கிழமை’யைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில்: “ஆதாரம்? ஆசிரியர் பெயர், ஆண்டு குறிப்பிடவும்.”

குறிப்பிட்டேன். ஆயா, முண்டியம்பாக்கம். ஆண்டு தெரியாது, அதன் ஆதாரில் இருப்பதும் குத்துமதிப்புதான்.