இது எந்தச் சிட்டு?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தோடு தங்கும் விடுதியும் கட்டி முடித்தவருக்கு அடுத்த ஆசை, ஒரு குட்டைக் குதிரை. அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கக் கணக்கில், பிடரி மயிர் முடிகிற இடத்தில் உயரம் 34 அங்குலத்தைத் தாண்டாதிருந்தால்தான் மினியேச்சர். காசிருந்தால் வாங்கிவிடலாம். அதை வண்டியில் பூட்டிப் பழக்க ஆள் வேண்டுமே!

போடி, குரங்கணிப் பக்கம் குதிரைக்காரர்கள் உண்டு. அவர்கள் குதிரை மூட்டை சுமக்கும். தேர்தல் வந்தால் மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரமும் சுமக்கும். வண்டி இழுக்குமா? "மொதல்ல ரோட்டப் போடச் சொல்லுங்கய்யா, பெறகு வண்டியப் பாப்போம்" என்றால், வேட்பாளருக்கே வாயடைத்துப்போகும்.

கீழே இறங்கினால் மாட்டுவண்டிப் பந்தயச் சாரதிகள். தட்டாஞ்சிட்டு, தேன்சிட்டு, பூஞ்சிட்டு, நடுமாடு, பெரியமாடு என்று பந்தயக் காளைகளைப் பார்த்த பார்வையில் தரம் பிரிப்பவர்கள். குதிரையை மேலும் கீழும் அளந்துவிட்டு, "இது எந்தச் சிட்டுல ஓடும்ணே?" என்பார்கள்.

பழக்குவதில் மந்திரம் ஒன்றுமில்லை. முதல் பாடத்தில் வண்டியே கிடையாது. நீண்ட வாரைப் பிடித்தபடி குதிரைக்குப் பின்னால் நடக்க வேண்டும். பிறகு பழைய டயரைக் கட்டி இழுக்கவிட்டு, பின்னால் வரும் சத்தத்துக்கு மிரளாமல் பழக்க வேண்டும். நில் என்றால் நின்ற பிறகுதான் வண்டி. மாதக்கணக்கில் ஆகும்.

ஆள் கிடைக்காமல் முதலாளியே வாரைப் பிடிக்கிறார். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லி டாக்டரால் ஆகாததைக் குதிரை சாதித்துவிட்டது. பழகியது யார், பழக்கியது யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.