புதுப் பதிப்புப் பித்தர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைக் கண்டால் சிலருக்கு மனம் பொறுப்பதில்லை. காலையில் பொத்தானை அமுக்கியதும் அது மறுபேச்சில்லாமல் விழித்துக்கொள்வதும், கேட்ட கடிதத்தைத் திறந்து காட்டுவதும், பக்கத்திலிருக்கும் பிரிண்டர் காகிதத்தை முறையாக உள்ளே இழுத்து வெளியே தள்ளுவதும் அவர்களுக்கு ஏதோ ஒரு குறைபாட்டின் அறிகுறியாகவே தோன்றும். உலகத்தின் எந்த மூலையிலோ புதிய விண்டோஸ் ஒன்று வெளியாகிவிட்டிருக்க, தாம் மாத்திரம் பழையதை வைத்துக்கொண்டு க்ஷேமமாக இருப்பது எந்த விதத்தில் நியாயம் என்ற விசாரம் அவர்களை ராத்திரித் தூக்கத்திலும் விடாது. இப்படிப்பட்ட மனிதர் ஒருவர் அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். பெரும்பாலும் கணக்கு இலாகாவிலோ வங்கியிலோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவராகவும், வெற்றிலை, பொடி, சீட்டாட்டம் முதலிய எந்தத் துர்ப்பழக்கமும் இல்லாதவராகவும் இருப்பார். ஒரு மனிதனுக்கு எல்லா நற்குணங்களையும் கொடுத்துவிட்டால் வீட்டிலிருப்பவர்களுக்குப் பொழுது போகாதே என்று எண்ணியோ என்னவோ, ஈசுவரன் இந்த ஒரு பித்தை மாத்திரம் அவருக்கு வைத்திருக்கிறான்.

திருச்சி உறையூரில் அப்படி ஒருவரை நான் அறிவேன். பெயர் வேண்டாம்; தெருவில் அவர் 'கம்ப்யூட்டர் சார்'தான். 1995 ஆகஸ்ட் 24ஆம் தேதி விண்டோஸ் 95 விற்பனைக்கு வந்தபோது மேல்நாட்டு ஜனங்கள் நள்ளிரவில் கடை வாசலில் வரிசை கட்டி நின்றார்கள் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்த தினத்திலிருந்து அவருக்கு இது ஆரம்பமாயிற்று. மண்ணெண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் வரிசையில் நின்று பழகியவருக்கு, வயிற்றுக்கு வேண்டாத வஸ்து ஒன்றுக்காகவும் ஜனங்கள் தூக்கம் கெட்டு நிற்பார்கள் என்பது ஒரு ஞானோதயமாக இருந்திருக்க வேண்டும். 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த கண்காட்சி ஒன்றில், பில் கேட்ஸ் மேடையில் நின்றுகொண்டிருக்கும்போதே, விண்டோஸ் 98ஐ விளக்கிக் காட்டிய அவருடைய ஊழியர் ஒரு ஸ்கேனரைச் சொருக, அரங்கம் நிறைந்த ஜனங்களின் முன்னிலையில் திரை முழுவதும் நீலமாகி அப்படியே நின்றுபோயிற்று. பெற்று வளர்த்தவருக்கே சபையில் மரியாதை கொடுக்காதது நமக்கா கொடுக்கப்போகிறது என்று சாமானிய புத்தியுள்ள எவனும் எண்ணியிருப்பான். நம்மவர் எண்ணவில்லை. "அது சோதனைப் பதிப்பு. வெளியாகும்போது சரியாயிடும்" என்றார். அது சோதனைப் பதிப்புதான், அதில் தவறில்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பதிப்புக்கும் அவர் சொல்லி வந்திருக்கிறார். வெளியான பின் அது "சர்வீஸ் பேக் வந்தா சரியாயிடும்" என்றும், சர்வீஸ் பேக்கும் வந்துவிட்ட பின் "அடுத்த பதிப்பில் சரியாயிடும்" என்றும் சந்தர்ப்பத்துக்குத் தக்கபடி உருமாறுமே ஒழிய, அதன் ஆத்மா மாறியதில்லை.

பதிப்புகளுக்குள் ஒன்றுவிட்டு ஒன்று நல்லது என்பது அவருடைய சித்தாந்தம். 98 நல்லது; 2000இல் வந்த மில்லெனியம் ஆகாது; 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி உத்தமம்; 2007 ஜனவரியில் வந்த விஸ்டா பெருங்கண்டம்; 2009இன் ஏழு சுபம்; 2012இன் எட்டைப் பற்றியோ கேட்கவே வேண்டாம், எண் சாஸ்திரத்தில் எட்டு சனிக்கு உரியதல்லவா? எட்டுக்குப் பிறகு ஒன்பது என்று ஒன்றையே வெளியிடாமல் கம்பெனி நேரே பத்துக்குத் தாவியதற்கும் அவரிடம் சாங்கோபாங்கமான வியாக்கியானம் உண்டு. கேட்பதற்கு அரை நாள் வேண்டும் என்பதால் நான் கேட்டதில்லை. இவ்வளவு சாஸ்திரம் தெரிந்தவர், ஆகாத பதிப்பு எதையாவது ஒதுக்கினாரா என்றால், ஒன்றையும் ஒதுக்கவில்லை. தாமே போட்டுப் பார்த்து அவஸ்தைப்படாமல், ஆகாது என்று மற்றவர்களுக்கு எப்படி அடித்துச் சொல்வது என்பது அவர் கட்சி.

சங்கல்பம் செய்துகொண்டாயிற்று என்றால் சர்வீஸ் பையனுக்கு ஆள் போகும். அவன் வந்து, பெட்டியைப் பார்த்து, சாரைப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

"சார், போன வாரம்தானே பாத்தேன். நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?"

"ஓடுதுப்பா. ஆனா கொஞ்சம் ஸ்லோவா இருக்கிற மாதிரி இருக்கு."

"எதைத் திறக்கும்போது சார்?"

சார் சற்று நேரம் மோட்டுவளையைப் பார்ப்பார். "பொதுவா."

இந்தப் 'பொதுவா'வில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வருஷக்கணக்காக மேலதிகாரிகள் எழுதிய குறிப்புக்கு அடியில் சிற்றெழுத்தில் கையெழுத்திட்டே காலந்தள்ளியவர். வீட்டிலோ, சாம்பாரில் எந்தக் காய் போடுவது என்ற அளவிலும் அவருடைய அபிப்பிராயம் கோரப்பட்டதில்லை. இருப்பதையெல்லாம் துடைத்தெறிந்து, சூனியமாக்கி, மறுபடி முதலிலிருந்து சிருஷ்டிக்கும் அதிகாரம் பகவான் அவருக்கு இந்தப் பெட்டி ஒன்றின்மீதுதான் கொடுத்திருக்கிறார். "எல்லாத்தையும் எடுத்துடு. ஃபார்மட் அடிச்சிடு" என்று அவர் சொல்லும்போது குரலில் ஏறும் கம்பீரத்தைக் கேட்டவர்களுக்கு, அவருடைய பழைய ஆபீஸில் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்களே என்று சற்றுப் பரிதாபமாகக்கூட இருக்கும். வேகம், பாதுகாப்பு, அழகு என்று அவர் சொல்லும் காரணங்களெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டவை.

எக்ஸ்பி போட்ட காலத்தை அவர் இன்றும் பரவசத்தோடு நினைவுகூர்வார். திரையின் இடது ஓரத்தில் 'இன்னும் 39 நிமிஷம்' என்று காட்டும். அந்த முப்பத்தொன்பது நிமிஷமும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மேஜைமேல் காபி ஆடை கட்டிக் கிடக்க, கண் கொட்டாமல் பார்த்திருப்பார். எண் 34இல் வந்து அசையாமல் நிற்கும், நின்றால் என்ன? பழையது போய்விட்டது, புதியது இன்னும் வரவில்லை. ஆகவே இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை. அவருடைய ஜீவிதத்தில் கவலையே கலவாத நேரம் என்று இதைத்தான் நான் சொல்வேன். எட்டைப் போட்ட சமயத்தில் மாத்திரம் இந்த ஆனந்தத்துக்கு விக்கினம் வந்தது. 2012இல் மின்வெட்டு ஜில்லாக்களைப் படுத்திய பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வேலை பாதி நடந்துகொண்டிருக்கையில் கரண்டு போயிற்று. யுபிஎஸ் கீக் கீக் என்று அலற ஆரம்பிக்க, திரையில் சாந்தமாக ஒரு வாசகம் நின்றது: கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். இந்த விண்ணப்பத்தை அவரிடம் செய்துகொண்டு என்ன பிரயோஜனம்? நியாயமாக அதைத் துணைமின் நிலையத்துக்கல்லவா அனுப்பியிருக்க வேண்டும்?

இவ்வளவு பிரயாசைக்குப் பின் புதிய திரை கண் விழித்ததும் அவர் செய்யும் முதல் காரியம், அதைப் பழையதாக மாற்றுவது. எக்ஸ்பியின் நீலப் பட்டையையும் பச்சைப் பொத்தானையும் ஊரே வியந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அமைப்புகளுக்குள் புகுந்து 98இன் சாம்பல் நிறத்தைத் தேடிப் பிடித்துப் பூசினார். விஸ்டாவில் எதைத் தொட்டாலும் திரை இருண்டு 'அனுமதிக்கிறீர்களா?' என்று கேட்டது. தம்மிடம் ஒருவர் அனுமதி கேட்பது இதுவே முதல் தடவை என்பதால் சில நாள் சந்தோஷமாகவே இருந்துவிட்டு, பிறகு அதையும் நிறுத்தினார். எட்டில் ஸ்டார்ட் பொத்தானே காணாமற்போயிருந்தது. இல்லாத பொத்தானை வரவழைத்துக் கொடுக்கும் வேறொரு மென்பொருளைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார்; மறு வருஷம் 2013 அக்டோபரில் 8.1 வந்தபோது கம்பெனியே பொத்தானைத் திருப்பிக் கொடுத்துவிட, தாம் மனத்துக்குள் அனுப்பிய மகஜர் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார். எக்ஸ்பியோடு வந்த அந்தப் பச்சைக் குன்றின் படம் இருக்கிறதே, சார்லஸ் ஓரியர் என்பவர் 1996இல் கலிபோர்னியாவில் எடுத்தது, அது உலகமெங்கும் கோடிக்கணக்கான திரைகளில் இருந்த நாளில் இவர் அதை எடுத்துவிட்டு மலைக்கோட்டைப் படத்தை வைத்திருந்தார். இப்போது பதினொன்றில் அவர் வைத்திருப்பது அந்தப் பச்சைக் குன்றுதான்.

ஒவ்வொரு மேம்பாட்டுக்கும் ஏதாவது ஒன்று பலியாக வேண்டும் என்பது விதி. விஸ்டா வந்தபோது பிரிண்டர் போயிற்று. தயாரித்தவர்கள் அதற்குப் புதிய டிரைவர் எழுதவில்லை. அறுபத்து நான்கு பிட் ஏழுக்கு மாறியபோது, டாஸ் காலத்தில் வாங்கிய ஜாதக மென்பொருள் வாய் திறக்க மறுத்தது; பதினாறு பிட் புரோகிராம்களை அறுபத்து நான்கு பிட் விண்டோஸ் ஓட்டாது என்பது அதற்குப் பிறகே அவருக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஜாதகம் கேட்டு ஆள் அனுப்பியிருந்த வாரம் அது. இவற்றையாவது மன்னித்துவிடலாம். ஃபார்மட் அடித்தபோது சி டிரைவோடு தமிழ் எழுத்துருக்களும் போய்விட்டன. தகப்பனார் சொல்லச் சொல்ல அவரே தட்டச்சுச் செய்து வைத்திருந்த குடும்ப வரலாறு, டி டிரைவில் பத்திரமாக இருந்தது வாஸ்தவமே என்றாலும், திறந்தால் ஒரே அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்துமாகக் கலந்து, தாத்தா பெயர் எது, தஞ்சாவூர் எது என்று புரியாமல் நின்றது. அந்தப் பழைய எழுத்துரு யூனிகோடுக்கு முந்தியது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க அவர் பட்ட பாடு தனிக் கதை. "என்னங்க, ஒரு காகிதம் அச்செடுத்துத் தர வழியில்லை, இதுக்குப் பேரு அபிவிருத்தியா?" என்று அம்மாள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை என்றாலும், அம்மாள் கேட்டது நியாயம் என்பது என் அபிப்பிராயம்.

2015 ஜூலை 29ஆம் தேதி பத்து வந்தது. ஏழும் எட்டும் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு இலவசம் என்றார்கள். மாறி முடிந்ததும் திரையில் பெரிய எழுத்தில், 'உங்கள் கோப்புகளெல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன' என்று ஓர் அபயவாக்கு வரும். கேட்காமலே ஒருவர் வந்து உங்கள் பெட்டியை நான் தொடவில்லை என்று சொன்னால், கேட்பவனுக்கு என்ன தோன்றும்? அவருக்கும் அதுவே தோன்றி, ராத்திரி வெகுநேரம் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது எல்லாம் இருந்தன. 2018 அக்டோபரில் வந்த அப்டேட் சிலருடைய ஆவணங்களை உண்மையாகவே அழித்துவிட்டதும், கம்பெனி அவசரமாக விநியோகத்தை நிறுத்தி வைத்ததும் வேறு விஷயம். அந்தச் சிலரில் தாம் இல்லாமற்போனதை அவர் பூர்வ புண்ணியம் என்றார்; ஆனால் சொல்லும் தொனியில் லேசான ஏமாற்றம் இருந்தது.

பதினொன்று 2021 அக்டோபரில் வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. இத்தனை காலம் இவர் பதிப்புகளைப் பரிசீலித்து வந்தார். இப்போது பதிப்பு இவரைப் பரிசீலித்தது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் பிராசசராக இருந்தால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்வோம் என்றது. இவருடையது ஏழாம் தலைமுறை. தலைமுறை விசாரித்துத் திருப்பி அனுப்பும் வழக்கம் சம்பந்தம் பேசுகிறவர்களிடம் மாத்திரம் உண்டென்று நினைத்திருந்தவருக்கு இது பேரிடியாக விழுந்தது. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், தாலி கட்டியதும் பந்திக்குக்கூட உட்காராமல் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடி, கடை கடையாக ஏறி இறங்கினார். சில்லு கிடைத்தாலும் பிராசசர் ஏழு ஏழுதான் என்று சொல்லிவிட்டார்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பத்துக்கு ஆதரவு முடிகிறது என்ற கெடு நெருங்க நெருங்க மனுஷர் இளைத்தே போனார். கடைசியில் பென்ஷன் அரியரை எடுத்துப் பெட்டியையே மாற்றிவிட்டார். பதினொன்றைப் பார்த்தவுடன், நடுவிலே கொலுவீற்றிருந்த ஐகான்களை இடது ஓரத்துக்குத் தள்ளினார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவருடைய தெருமுனையில் ஒரு டிடிபி கடை இருக்கிறது. அங்கே எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் போட்ட ஒரு கிழட்டுப் பெட்டி, கண்ணீர் அஞ்சலியும் காதணி விழா அழைப்பிதழுமாக நாள் முழுவதும் அடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். இந்தக் கடையைத் திருத்திப் பணிகொள்வது சாருடைய நெடுநாளைய லட்சியம். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற வைரஸ் உலகத்தையே கதிகலங்க அடித்து, ஆதரவு நிறுத்தப்பட்ட எக்ஸ்பிக்குக்கூட விசேஷமாக ஒரு திருத்தத்தைக் கம்பெனி வெளியிட நேர்ந்தபோது, தம்முடைய நாள் வந்துவிட்டதென்று பத்திரிகையைக் கையில் பிடித்தபடி கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு நெட்டே கிடையாது சார்" என்றார்.

போன நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டியிருந்தது. படிவத்தை இறக்கிக்கொண்டாயிற்று, வீட்டுப் பிரிண்டர் பதினொன்றைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டது. பென் டிரைவை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். கிழட்டுப் பெட்டி ஒரு தடவை முனகியது. பிரிண்டர் காகிதத்தை இழுத்தது. படிவம் சூடாக வெளியே வந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டே சார் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னுமா எக்ஸ்பி? 2014லேயே ஆதரவை நிறுத்திட்டாங்களே! ஒரு ஞாயித்துக்கிழமை சொல்லுங்க, நானே வந்து பதினொண்ணு போட்டுத் தரேன்."

"ரெண்டு பக்கம், நாலு ரூபா சார்" என்றார் கடைக்காரர்.