அரை வாட் ஆசாமி

ஆம்ப் வாங்குவது என்று நம்மவர் முடிவு செய்ததிலிருந்து அவருடைய கிடார் உறையை விட்டு வெளியே வரவில்லை. நல்ல ஆம்ப் வரட்டும், அப்புறம் முறையாகப் பயிற்சி செய்யலாம் என்பது ஏற்பாடு. ஏற்பாட்டுக்கு இப்போது வயது மூன்று. அந்தச் சமயத்தில் பிறந்த மகள் ப்ரீ கேஜியில் சேர்ந்து, ஆண்டுவிழாவில் தக்காளி வேஷம் கட்டி மேடையேறி, கைதட்டலும் வாங்கிவிட்டாள்.

நம்மவருக்கு நாற்பதைத் தொடும் வயது. ஓ.எம்.ஆரில் வேலை, பள்ளிக்கரணைப் பக்கம் மூன்றாவது மாடியில் ஃபிளாட். கல்லூரியில் கல்ச்சுரல்ஸ் மேடையில் ரிதம் கிடார் வாசித்தவர். பழைய போட்டோக்களில் டிரம்ஸுக்குப் பின்னால் பாதித் தோள் மட்டும் தெரியுமே, அவர்தான். வீட்டில் ஏற்கெனவே ஓர் ஆம்ப் இருக்கிறது. கிடார் வாங்கியபோது கேபிள், தோள்வார், அரை டஜன் பிக்குகளோடு சேர்ந்து வந்த பத்து வாட் பெட்டி. பழுதில்லை. சுவிட்சைப் போட்டால் சிவப்பு விளக்கு எரியும், சத்தம் வரும். அதற்கு ஒரே குரல்தான் என்பது மட்டுமே அவருடைய புகார்.

அவருக்கு எல்லாக் குரலும் வேண்டும். ஃபெண்டர் ட்வின் ரிவெர்பின் பளிச்சென்ற சுத்தம் வேண்டும். பீட்டில்ஸ் வாசித்த வாக்ஸ் ஏசி 30-இன் கணகணப்பு வேண்டும். லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962-இல் செய்யத் தொடங்கினாரே, அந்த மார்ஷலின் உறுமலும் வேண்டும். (மார்ஷல் அடிப்படையில் டிரம்மர். உலகத்துக் கிடார்காரர்கள் கையில் இவ்வளவு பெரிய சத்தத்தைக் கொடுத்தவர் ஒரு டிரம்மர் என்பதில் ஏதோ பழைய கணக்கு இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.)

இவையெல்லாம் வால்வு ஆம்ப்புகள். வால்வைத் திணறத் திணற ஓட்டினால்தான் அந்த உறுமல் வரும். பதவிசாக வைத்தால் சவசவ என்றிருக்கும். மார்ஷலை அது ருசிக்கும் அளவுக்குப் பள்ளிக்கரணையில் திருப்பினால் சதுப்பு நிலத்துப் பூநாரைகள் சீசன் முடிவதற்கு முன்பே மூட்டை கட்டிவிடும்.

இங்கேதான் மாடலிங் ஆம்ப் வருகிறது. வால்வு எப்படித் திணறும், அதன் ஸ்பீக்கர் எப்படி அதிரும் என்பதையெல்லாம் ஒரு சிப் கணக்குப் போட்டு, அதே திணறலை அக்கம்பக்கம் தெரியாமல் அரங்கேற்றும். ‘நவராத்திரி’யில் சிவாஜிக்கு ஒன்பது வேஷம், ‘தசாவதார’த்தில் கமலுக்குப் பத்து. ஸ்பார்க் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதற்குள் முப்பது ஆம்ப், நாற்பது எஃபெக்ட். போதாததற்கு நீங்கள் நாலு கார்டு வாசித்தால் அதுவே டிரம்ஸும் பேஸும் சேர்த்துக்கொண்டு கூடவே வாசிக்கும். கல்லூரி பேண்டில் நம்மவருக்குக் கிடைக்காத மரியாதை இது.

இந்த வித்தையின் வரலாறு முழுவதும் அவருக்கு அத்துப்படி. 1998-இல் லைன் சிக்ஸ் கம்பெனி சிவப்பாக, அவரைக்கொட்டை வடிவத்தில் பாட் என்ற கருவியை வெளியிட்ட கதையை, எதிரே இருப்பவர் யார் என்று பார்க்காமல் சொல்வார். சொன்ன இடங்களில் ஒன்று அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் பெரியப்பா. கோயில் கொடைகளுக்கு மைக் செட் போட்டுத் தலை நரைத்தவர்.

“ஆம்ப் வாங்கப் போறியாமே? அகுஜாவா?”

“இல்ல பெரியப்பா, இது கிடாருக்கு.”

“எத்தன வாட்ஸு?”

“அம்பது. ஆனா சுவிட்ச திருப்பி அரை வாட்டுக்குக் கொறச்சுக்கலாம்.”

பெரியப்பாவின் கை சாம்பாரில் அப்படியே நின்றது. “அரை வாட்டா? ஏல, நாங்க எட்டுக் கொழாய் கட்டி ஆயிரம் வாட்ஸு போட்டதுக்கே தெக்குத் தெருக்காரன் கேக்கலன்னு சண்டைக்கு வந்தான். நீ துட்டு குடுத்து சத்தத்தக் கொறைக்கியா?”

நம்மவர் கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். கணக்கு சரியானது, அதையும் சொல்லிவிடுகிறேன். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். ஆக, ஒரே ஸ்பீக்கரில் 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் காதளவில் வித்தியாசம் இரண்டு மடங்குதான். 50-லிருந்து 100-க்குப் போனால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். அதைக் காதைவிடப் பர்ஸுக்குத்தான் நன்றாகக் கேட்கும். படுக்கையறைக்கு அரை வாட்டே தாராளம். இவ்வளவையும் பாயசம் வருவதற்குள் சொல்லி முடித்தார். பெரியப்பா பாயசத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கத்து இலைக்காரரோடு பேசப் போய்விட்டார்.

இத்தனை தெரிந்தும் ராத்திரி பதினோரு மணிக்கு நம்மவருக்கு 100 வாட் ஆசை வரும். “நாளைக்கே ஒரு கச்சேரி வந்தா?” என்பார். எங்கிருந்து வரும் என்று கேட்கக் கூடாது. அவர் அலுவலக ஆண்டுவிழாவே பல வருஷமாக டி.ஜே. வைத்துத்தான் நடக்கிறது.

தேர்வுக்கு ஓர் எக்செல் ஷீட் உண்டு. வாட், ஸ்பீக்கர் அளவு, எடை, ஹெட்போன் துளை, யு.எஸ்.பி., ப்ளூடூத், பேட்டரி, மறுவிற்பனை மதிப்பு. அவர் ஆபீஸில் போடும் ஷீட்டைவிட ஒழுங்கானது. கலர் கூட அடித்திருக்கிறார். ரோலண்ட் மைக்ரோ கியூப் ஆறு பென்சில் பேட்டரியில் ஓடும், ஆனால் ஸ்பீக்கர் ஐந்தே அங்குலம் என்பதால் மஞ்சள். ஃபெண்டர் மஸ்டாங் எல்.டி. 25-க்கு எட்டு அங்குலம்; இளம்பச்சை. பாஸ் கட்டானா 50, பன்னிரண்டு அங்குலம், 2016-இல் வந்ததிலிருந்து ஊர் முழுக்க நல்ல பெயர், கரும்பச்சை. இவ்வளவு நல்ல பெயர் எடுத்த ஒன்றை வாங்கினால் ஆராய்ச்சி செய்ததற்கு என்ன மதிப்பு என்று அதற்குப் பக்கத்திலேயே ஒரு கேள்விக்குறி.

யமஹா டி.எச்.ஆர். விஷயத்தில் அவருக்கு ஒரு தர்மசங்கடம். மேடைக்கும் ஒத்திகைக்கும் வைத்திருப்பது போக, வீட்டுக்கென்று மூன்றாவதாக ஓர் ஆம்ப் என்று சொல்லித்தான் யமஹா அதை 2011-இல் கொண்டுவந்தது. முதலாவதும் இரண்டாவதும் இல்லாதவன் நேராக மூன்றாவதை வாங்குவது முறையா? மனைவிக்கு அந்தக் குழப்பம் இல்லை. க்ரீம் நிறத்தில், பழைய ரேடியோச் சாயலில், உள்ளே விளக்கு எரியும் அந்தப் படத்தைப் பார்த்ததும் சொன்னார்: “ஏங்க, இது நல்லாருக்கே. ஷெல்ஃப்ல மண் குதிரை பக்கத்துல கச்சிதமா உக்காரும்.”

நம்மவர் சிரித்தார். என்னைக் கேட்டால் மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் ஆம்ப்பைப் பற்றிப் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான். ஷெல்ஃபில் இருப்பது கண்ணில் படும். கண்ணில் பட்டால் சும்மா இருக்கும் பத்து நிமிஷத்தில் கை நீளும். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் பெட்டி கட்டிலடியில் போகும். அதை இழுத்து, ஒட்டடை தட்டி, ப்ளக் பாயிண்ட் தேடுவதற்குள் ஆசை அடங்கிவிடும். எக்செல்லில் அதற்கெல்லாம் பத்தி இல்லை.

வாரக் கடைசிகளில் மவுண்ட் ரோடு. 1842-இலிருந்து இசைக்கருவி விற்கும் மியூசி மியூசிக்கல் தொடங்கி எல்லாக் கடைகளிலும் அவருக்கு முகப்பழக்கம் உண்டு. கடைப்பையன் வாசித்துக் காட்டும்போது எந்த ஆம்ப்பும் அருமையாக இருக்கிறது. நம்மவர் வாங்கி வாசிக்கும்போது எல்லா ஆம்ப்பும் ஒன்றுபோல இருக்கிறது. இதிலிருந்து அவர் கண்டுபிடித்தது, கடையின் சுவர்கள் எதிரொலிக்கின்றன, இங்கே வைத்து முடிவெடுக்க முடியாது என்பது.

கட்டானாவில் ஐந்து குரல்: அக்கூஸ்டிக், கிளீன், கிரஞ்ச், லீட், பிரவுன். இந்தப் பிரவுன் மேல் அவருக்குத் தனிப் பிரியம். எடி வான் ஹேலன் 1978-இல் தன் முதல் ஆல்பத்தில் காட்டிய அந்த முரட்டு டோனுக்குத்தான் ‘பிரவுன் சவுண்ட்’ என்று பெயர். அதற்காக அவர் மார்ஷலுக்குப் போகும் மின்சாரத்தை வேரியாக் வைத்துக் குறைத்து, வேண்டுமென்றே லோ வோல்டேஜில் ஓட்டினார். நம்மவர் இதைச் சொன்னபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அக்னி நட்சத்திரத்தில் ஊர் முழுக்க இலவசமாகக் கிடைக்கும் சமாசாரம். நாமோ ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டி அதைக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

வோல்டேஜ் என்றதும் நியூ ஜெர்சி ஞாபகம் வருகிறது. மனைவியின் தம்பி அங்கே இருக்கிறான். அங்கே விலை குறைவு, அவன் பொங்கலுக்கு வருகிறான், பெட்டிக்கு 23 கிலோ அனுமதி, கட்டானா 12 கிலோவுக்குள் அடங்கும். கணக்கு எல்லாம் பொருந்தியது. மீதிக் கிலோக்களில் பாதாம், சாக்லேட், மாமியாருடைய விட்டமின் மாத்திரைகள் மூன்றும் நெருக்கியடித்துக்கொள்ள வேண்டும் என்று அவரே பங்கும் பிரித்துவிட்டார். போனில் மைத்துனன் அந்த ஆசையில் தண்ணீர் ஊற்றினான்: “அத்தான், அது 120 வோல்ட்டு. நம்மூர் 230-ல சொருகினா பொகதான் வரும்.”

வேறு யாராவது இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். இவர் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் விசாரிக்க ரிச்சி தெருவுக்குப் போனார். ஆம்ப்புக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் சேர்த்துக் கூட்டினால் இங்கே வாங்கும் விலைக்குப் பக்கத்தில் வந்தது. போதாததற்கு அந்த டிரான்ஸ்ஃபார்மர் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம் வேறு போட்டது. ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கிக்கொண்டு திரும்பினார். அது எதற்கு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கடைசியில் ஒரு தீபாவளித் தள்ளுபடியில், நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில், வாங்கியேவிட்டார். கட்டானாதான். மூன்று வருஷம் சுற்றி எல்லோரும் சொன்ன இடத்துக்கே வந்து சேர்ந்ததை அவர் தோல்வியாக நினைக்கவில்லை. மற்றவர்கள் சும்மா சொன்னார்கள், இவர் சரிபார்த்திருக்கிறார். பெட்டியைப் பிரித்த சனிக்கிழமை முழுக்க சாஃப்ட்வேர் இறக்குவதில் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கேபிள் சரியில்லை என்று தெரிந்தது.

அப்புறம் ராத்திரிகளில் வாசித்தார். ராத்திரி என்பதால் ஹெட்போனில். ஐந்து, எட்டு, பன்னிரண்டு என்று ஸ்பீக்கர் அங்குலத்துக்காக அத்தனை மஞ்சளும் பச்சையும் அடித்தது கடைசியில் காதுமடலுக்குள் அடங்கிவிட்டது. பன்னிரண்டு மணிக்கு மெதுவாக வைத்து அற்புதமான டோன் ஒன்றை அமைத்து, ‘சொர்க்கம் 4’ என்று பெயரிட்டு, சேமித்துவிட்டுப் படுப்பார். மறுநாள் சாயங்காலம் ஸ்பீக்கரில் கொஞ்சம் சத்தமாகத் திறந்தால் ஒரே ‘தொம் தொம்’. ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இருவர் 1933-இலேயே அளந்து சொன்ன விஷயம்தான் இது: சத்தம் குறைவாக இருந்தால் காது பேஸைச் சரியாக வாங்காது. அதனால் ராத்திரியில் பேஸை ஏற்றுவோம். பகலில் அது வட்டியோடு திரும்பி வரும். ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசம் தனி. வாசிக்கப்போகும் சத்தத்திலேயே டோனை அமைக்க வேண்டும் என்பது தவிர வேறு மருந்து கிடையாது. நம்மவர் ‘சொர்க்கம் 5’ அமைத்தார்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஒருநாள் ஆசையாகக் கேட்டார். “மாப்ள, அந்த ‘இளைய நிலா’ வாசிங்களேன்.” கிடார் வைத்திருக்கும் யாரும் தமிழ்நாட்டில் இதற்குத் தப்ப முடியாது. 1982-இல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்ததிலிருந்து இதுதான் நிலை. அதில் ஆர். சந்திரசேகர் வாசித்தது அக்கூஸ்டிக் கிடார். டிஸ்டார்ஷன், பிரவுன், முரட்டு டோன் எதற்கும் வேலை இல்லை, விரல்களுக்குத்தான் வேலை. நம்மவர் அசரவில்லை. ஐந்து குரல்களில் அக்கூஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தார். ஆம்ப்பே தேவைப்படாத கிடாரைப் போல ஓர் ஆம்ப் நடிக்க, அதற்கு எவ்வளவு ரிவெர்ப் என்று குமிழைத் திருகித் திருகிப் பார்த்தார். எட்டு மணிக்கு மாமியாரின் சீரியல் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆளில்லை. மனைவியும் மாமியாரும் குழந்தையோடு தி. நகர் போயிருந்தார்கள். நம்மவர் பவர் குமிழை அரை வாட்டிலிருந்து 25-க்கு நகர்த்தினார். கதவைப் பார்த்தார். பிறகு 50. ‘பிரவுன்’. ஒரே ஒரு கார்டு. ஜன்னல் கண்ணாடி லேசாக நடுங்கியது. இன்னொன்று. பால்கனிக் கதவைத் திறந்துவைத்துவிட்டு மூன்றாவது.

கால் மணி நேரத்தில் காலிங் பெல் அடித்தது. அசோசியேஷன் செயலாளர். நம்மவருக்கு நெஞ்சு படபடத்தது. கல்லூரி மேடைக்கு அப்புறம் அவருக்காக ஒரு மனிதர் மூன்று மாடி ஏறி வருவது இதுதான் முதல் தடவை. கிடாரைக் கழற்றாமலே கதவைத் திறந்தார்.

“சாரி சார், சத்தம் ரொம்ப அதிகமாயிடுச்சா? புது ஆம்ப்பு. அம்பது வாட்.”

“எந்தச் சத்தம் சார்?” என்றார் செயலாளர். “உங்க ஸ்கூட்டரத் தண்ணி லாரி வர்ற வழியில நிறுத்தியிருக்கீங்க. கொஞ்சம் நகத்துங்க.”