யுவர்ஸ் ஒபீடியண்ட்லி: ஓர் ஆராய்ச்சி

ஆங்கிலக் கடிதத்தின் தலைக்கும் வாலுக்கும் உள்ள சம்பந்தம் எந்தச் சந்தி விதிக்கும் இளைத்ததன்று என்பதை, 'டியர் சார்' என்று தொடங்கியதை 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று முடித்துவிட்டு மேலதிகாரியின் சிவப்பு மைக்கு இலக்கான எந்தக் குமாஸ்தாவும் மறுக்கமாட்டார். பெயர் சொல்லி விளித்தவருக்குச் 'சின்சியர்லி', பெயரின்றி விளித்தவருக்கு 'ஃபெய்த்ஃபுல்லி' என்பது பிரிட்டிஷ் சம்பிரதாயம். இதற்குக் காரணம் கேட்பது, மாப்பிள்ளை ஏன் காசி யாத்திரை போகிறார் என்று முகூர்த்த வேளையில் கேட்பதைப் போன்றது.

இத்தகைய தொடர்களைப் பிழையறப் பிரயோகித்ததற்கு ஒரே லட்சணம், அவற்றை எவரும் படிக்காமல் தாண்டிப் போவதே என்பது அடியேனின் சித்தாந்தம். பிரமாணம் வருமாறு: 1804ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஆரன் பர்ரும் முன்னாள் நிதி மந்திரி அலெக்ஸாண்டர் ஹாமில்டனும் மானப் பிரச்சினையொன்றில் பரஸ்பரம் கடுமையாக எழுதிக்கொண்ட கடிதங்கள் 'யுவர் ஒபீடியண்ட் சர்வண்ட்' என்று மிகுந்த விநயத்துடன் முடிய, ஜூலை 11 காலை வீஹாக்கன் என்னுமிடத்தில் ஒரு பணிவுள்ள ஊழியர் மற்றப் பணிவுள்ள ஊழியரைக் கைத்துப்பாக்கியால் சுட்டார், சுடப்பட்ட ஹாமில்டன் மறுநாள் காலமானார்.

சர் எர்னஸ்ட் கவர்ஸ் என்பவர் 1948இல், பிரிட்டிஷ் நிதி இலாகாவின் வேண்டுகோளுக்கிணங்கி, அதிகாரிகள் எளிய சொற்களில் எழுதவேண்டுமென்று ஒரு நூலே செய்தார். நல்ல நூல்தான், நம் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரை அது அசைத்ததாகத் தெரியவில்லை.

அந்த லீவ் லெட்டரே இவ்வாராய்ச்சியின் கர்ப்பக்கிருகம். வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்ட 'ஆஸ் ஐ யாம் ஸஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்பதை மனப்பாடம் செய்த பையன், அத்தை கலியாணமானாலும், ஊர்த் தேரானாலும், வாய்க்காலில் மீன் பிடிக்கப் போனாலும் ஜுரத்திலேயே படுக்கிறான். மற்றக் காரணங்களுக்கு அவனிடம் ஆங்கிலம் இல்லை. 'லீவ் ஃபார் டூ டேஸ் ஒன்லி' என்பதன் கடைசிச் சொல் பாங்குச் செக்கிலிருந்து வந்திருக்க வேண்டும். மூன்றாம் நாளை எவரும் களவாக எழுதிச் சேர்த்துவிடக் கூடாதல்லவா! பிறகு 'தாங்கிங் யூ', 'யுவர்ஸ் ஒபீடியண்ட்லி', அப்பாவின் கையெழுத்து. வாத்தியார் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, மடித்து அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தருக்குள் செருகிவிடுகிறார்.

அபூர்வமாக ஒரு சத்தியசந்தன், அகராதியைப் புரட்டி, வீட்டுப் பசு கன்று ஈன்றபடியால் வர இயலவில்லை என்று சொந்த ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவருவான். அந்தக் கடிதத்தை வாத்தியார் இரண்டு முறை படிப்பார், பக்கத்து வகுப்பு வாத்தியாரையும் கூப்பிட்டுக் காட்டுவார், பிழைகளுக்கெல்லாம் அடிக்கோடிடுவார், பிறகு, "நாளைக்கு அப்பாவை அழைச்சுண்டு வா" என்பார்.