ஆபரேஷன் யாருக்கு?

கேள்வி: குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது என்கிறாரே என் கணவர்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அவருக்கு எவ்வளவு இருக்கிறதாம்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது ஆயிரத்துக்கு மூன்றே பேர்! இத்தனைக்கும் பெண்ணுக்கு வயிற்றில் வெட்டுப் போட வேண்டும். ஆணுக்குத் தையலில்லாத நவீன வாசக்டமி, மரத்துப்போக ஊசி போட்டுக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கேட்டால், “ஆண்மை போய்விடும், மூட்டை தூக்க முடியாது” என்பார்கள். வீட்டில் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்காதவர்தான் இதை அதிகம் சொல்வார்! இரண்டுமே கட்டுக்கதை. விந்தணு வரும் குழாயைத்தான் அடைக்கிறார்கள். ஹார்மோனுக்கு ஒன்றும் ஆகாது.

கர்ப்பத்தடையைப் பெண்ணின் சுதந்திரமாகப் பார்த்து, ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அதற்கென்று ஓர் அத்தியாயமே எழுதினார் பெரியார். அதை நம் ஆண்கள், “எல்லாம் நீயே பார்த்துக்கொள்” என்று புரிந்துகொண்டார்கள் போல.

தள்ளிப்போட மட்டும் என்றால் காப்பர்-டி, மூன்று மாதத்துக்கொரு அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாம் அரசுத் திட்டத்தில் இலவசம். கணவர் ஆபரேஷனுக்குச் சம்மதித்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அன்றைக்கே பலன் கிடையாது. மூன்று மாதம் வேறு பாதுகாப்பு வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.